ஒரே எண்ணில் இரண்டு குழாய்கள்: தரவுத்தள நிரலகம் இழைப் பாதுகாப்பானதா என்று அறிகுறி வழியே கண்டறிதல்

காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் மட்டும் வந்த பிழை அது. வேளச்சேரியில் ஒரு பரிசோதனைக் கூடம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வரிசை கட்டி நிற்பார்கள். பெயரைப் பதிந்ததும் தரவுத்தளம் ஓர் எண் கொடுக்கும். அந்த எண் பார்கோடு ஸ்டிக்கராக அச்சாகி ரத்தக் குழாயில் ஒட்டப்படும். அந்த மென்பொருளை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு திங்கட்கிழமை, அங்கே ரத்தம் எடுக்கும் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஒரே எண்ணில் இரண்டு குழாய் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு ஆள். நான் எதையும் மெஷினில் ஏற்றவில்லை. நீங்கள் உடனே வந்து பாருங்கள்" என்றார். எங்கள் மென்பொருள் தன் நடப்பை எழுதிவைக்கும் பதிவேட்டில் ஒரு பிழைச்செய்தி கூட இல்லை. அவர் கவனிக்காமல் இருந்திருந்தால் ஒருவருடைய சர்க்கரை அளவு இன்னொருவர் பெயரில் போயிருக்கும், அதை நம்பி ஒருவர் மாத்திரையைக் கூட்டியிருப்பார். அந்தக் கவலையோடுதான் இதை எழுதுகிறேன்.

இழை என்று நான் சொல்வது நாம் அலுவலகத்தில் 'த்ரெட்' என்பதை, ஒரே மென்பொருளுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் வேலைத்தொடர். பல இழைகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் குழம்பாததே இழைப் பாதுகாப்பானது. நிரலகம் என்பது 'லைப்ரரி', நம் நிரல் தரவுத்தளத்தோடு பேச உதவும் ஆயத்த நிரல். 'லாக்' என்று எழுதினால் பூட்டா பதிவா என்று விளங்காது, ஆகவே பூட்டு, பதிவேடு என்றே எழுதுகிறேன். பூட்டு என்பது ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடுவது. செயற்கூறுகளின் ('ஃபங்ஷன்') பெயர்களை ஒலிப்புப்படி தந்திருக்கிறேன், நிரலில் அவற்றின் மூல எழுத்துகளிலேயே தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

இழைகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்து மென்பொருளை ஓட்டுங்கள். பிழை அப்படியே இருந்தால் இழைகளைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம், காரணம் வேறு. பிழை மறைந்தால் சந்தேகம் வலுக்கிறது, அவ்வளவுதான். இழைகள் குறைந்தால் சுமையும் குறையும், சுமை குறைந்ததால் மறைந்த பிழையாகவும் அது இருக்கலாம்.

அடுத்து, "இந்த நிரலகம் இழைப் பாதுகாப்பானதா?" என்ற கேள்வியை அப்படியே விடாமல் உடைத்துக் கேளுங்கள். நிரலகத்தைப் பல இழைகள் ஒரே நேரத்தில் அழைக்கலாமா? தரவுத்தளத்துக்குத் திறந்த ஒரே இணைப்பைப் பல இழைகள் பகிரலாமா? ஒரு கேள்விக்கு வந்த ஒரே விடைத்தொகுப்பைப் பகிரலாமா? இவை மூன்றுக்கும் மூன்று விடைகள். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை, முதல் கேள்விக்கு 'ஆம்' என்ற விடையைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கும் அதுவே விடை என்று எடுத்துக்கொண்டதால் வந்தவை.

பைத்தான் உலகம் இதை எண்ணாகவே வகுத்து வைத்திருக்கிறது. தரவுத்தள நிரலகங்களுக்கான 249ஆம் எண் முன்மொழிவின்படி ஒவ்வொரு நிரலகமும் 'த்ரெட்சேஃப்டி' என்ற மாறியில் 0 முதல் 3 வரை ஓர் எண்ணை வைத்திருக்க வேண்டும். 0 என்றால் நிரலகத்தையே இழைகள் பகிரக் கூடாது. 1 என்றால் நிரலகத்தைப் பகிரலாம், இணைப்பைப் பகிரக் கூடாது. 2 என்றால் இணைப்பையும் பகிரலாம். 3 என்றால் கேள்வியை அனுப்பி விடையை எடுத்துத் தரும் கர்சரையும் பகிரலாம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கான பைமைஎஸ்கியூஎல் 1 என்று சொல்லும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான சைக்கோபிஜி2 சொல்வது 2. ஒரே வரியில் அச்சிட்டுப் பார்த்துவிடலாம்.

சி மொழியில் எழுதுகிறவர்கள் நிரலகத்திடமே கேட்கலாம். போஸ்ட்கிரெஸின் சி நிரலகமான லிப்பிகியூவில் 'பிகியூ இஸ் த்ரெட்சேஃப்' என்ற செயற்கூறு 1 அல்லது 0 தரும். 17ஆம் பதிப்பிலிருந்து அது எப்போதும் 1தான், பாதுகாப்பில்லாமல் தொகுக்கும் ('கம்பைல்' செய்யும்) வாய்ப்பையே எடுத்துவிட்டார்கள். மைஎஸ்கியூஎல்லில் 'மைஎஸ்கியூஎல்_த்ரெட்_சேஃப்' இருக்கிறது. சர்வர் இல்லாமல் ஒரு கோப்பில் இயங்கும் எஸ்கியூலைட்டில் 'எஸ்கியூலைட்3_த்ரெட்சேஃப்', அதன் விடையைக் கீழே தனியாகச் சொல்கிறேன். இவை எல்லாம் பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றன. லிப்பிகியூ 1 என்று சொன்னாலும் ஒரே இணைப்பை இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் கையாளக் கூடாது என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. உருவாகி முடிந்த விடைத்தொகுப்பை மட்டும், அதை மாற்றாத வரையில், இழைகளுக்கிடையே தாராளமாகக் கொடுத்து வாங்கலாம்.

அறிகுறி: பிழைச்செய்தி எதுவும் இல்லை, ஒருவருடைய விடை இன்னொருவருக்குப் போகிறது

இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். நிலைகுலைந்து விழும் மென்பொருள் தன் நோயைத் தானே காட்டிக்கொடுக்கும். இது காட்டாது.

கோயம்பேட்டிலிருந்து ஓ.எம்.ஆர். வழியாகப் போகும் 570 பேருந்தில் கூட்டம் நெருக்கும்போது கண்டக்டரிடம் நேரே போக முடியாது. காசை முன்னால் நிற்பவரிடம் கொடுத்து, "சோழிங்கநல்லூர் ஒன்று" என்போம். அது கை மாறிப் போய், டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியே திரும்பி வரும். டிக்கெட்டின் மேல் யார் பெயரும் இல்லை. தரவுத்தள இணைப்பும் அப்படித்தான் இயங்குகிறது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் சர்வர் அனுப்பும் விடையில் 'இதைக் கேட்டது எந்த இழை' என்ற குறிப்பு கிடையாது. கேட்ட வரிசையில் விடை வரும். வரிசையைக் காப்பது நம் பொறுப்பு.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னும் பின்னும், இழையின் எண்ணையும் இணைப்பின் எண்ணையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். இணைப்பின் எண்ணை சர்வரிடமே கேட்கலாம். மைஎஸ்கியூஎல்லில் 'கனெக்‌ஷன்_ஐடி', போஸ்ட்கிரெஸில் 'பிஜி_பேக்எண்ட்_பிஐடி'. இணைப்பு திறந்தவுடன் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும். பிறகு பதிவேட்டைப் படித்து, ஒரே இணைப்பு எண்ணில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.

அன்று எங்கள் பதிவேட்டில் 7.42 மணிக்குக் கண்டது இதுதான். மூன்றாம் இழை, இணைப்பு 118, புதிய நோயாளியைச் சேர்த்தது. ஐந்தாம் இழை, அதே 118, இன்னொரு நோயாளியைச் சேர்த்தது. மூன்றாம் இழை 'கடைசியாகச் சேர்ந்த எண் என்ன?' என்று கேட்டது, விடை 20457. ஐந்தாம் இழை அதையே கேட்டது, விடை 20457. மூன்றாம் இழைக்குரிய 20456 யாருக்கும் போகவில்லை.

மைஎஸ்கியூஎல் 'கடைசியாகச் சேர்ந்த எண்'ணை இணைப்புவாரியாக நினைவில் வைத்திருக்கிறது, இழைவாரியாக அல்ல. சர்வருக்கு நம் இழைகளைப் பற்றி எதுவும் தெரியாது. ஆக, சர்வர் சொன்னது சரியான விடை. நிரலகமும் தவறு செய்யவில்லை. பூட்டும் இருந்தது, நானே போட்டது. ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியே பூட்டித் திறந்தேன். சேர்ப்பதும் எண் கேட்பதும் பிரிக்கக் கூடாத ஒரே வேலை என்பதை மறந்திருந்தேன். இரண்டு பூட்டுகளுக்கும் நடுவில் இருந்த அந்தச் சிறு இடைவெளியில், கூட்டம் மிகுந்த காலை வேளையில் மட்டும், இன்னொரு இழை நுழைந்துகொண்டது. அந்த இரண்டு நோயாளிகளும் மறுநாள் மீண்டும் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தார்கள்.

இதற்குத் தீர்வு தேடும்போது இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. 'ஒரே இணைப்பைப் பகிர்ந்ததால்தானே வந்தது, கனெக்‌ஷன் பூல் வைத்துவிடலாம்' என்று தோன்றும். பூல் என்பது திறந்து வைத்த பல இணைப்புகளின் தொகுப்பு, கேட்கும் இழைக்கு ஒன்றைக் கடனாகத் தரும். வைக்கலாம், வைக்க வேண்டும். ஆனால் பூலிடம் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே இணைப்பு வாங்கினால், சேர்ப்பது ஓர் இணைப்பிலும் எண் கேட்பது வேறோர் இணைப்பிலும் போகலாம். அப்போது 0 வரும், அல்லது அந்த இணைப்பில் எப்போதோ சேர்ந்த பழைய எண் வரும். சார்ந்திருக்கும் கேள்விகள் முடியும் வரை ஒரே இணைப்பைக் கையில் வைத்திருந்து, அதன் பிறகு திருப்பிக் கொடுங்கள். இன்னும் நல்ல வழி, இரண்டாவது கேள்வியே தேவைப்படாமல் செய்வது. போஸ்ட்கிரெஸிலும், மரியாடிபி 10.5 முதலும், சேர்க்கும் கட்டளையோடு 'ரிட்டர்னிங்' என்று எழுதினால் எண் அதே விடையில் வந்துவிடும். மைஎஸ்கியூஎல்லில் அந்த வசதி இல்லை, ஆனால் சேர்த்ததற்கான விடையிலேயே எண் வருகிறது. நிரலகத்தின் 'இன்சர்ட்_ஐடி' செயற்கூறு அதைத்தான் தருகிறது. இணைப்பு உங்கள் இழைக்கு மட்டும் சொந்தமாக இருக்கும்போதே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பரிவர்த்தனைக்கும் இதே விதி. முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் நடக்கவே கூடாத கேள்விகளின் தொகுதி அது. சைக்கோபிஜி2 இணைப்பைப் பகிரலாம் என்று 2 போட்டுக் காட்டுகிறது. கேள்விகள் ஒன்றோடொன்று மோதாமல் அது வரிசைப்படுத்திக்கொள்ளும், உண்மை. ஆனால் பரிவர்த்தனை இணைப்புக்குச் சொந்தம். ஓர் இழை 'கமிட்' சொன்னால், பகிர்ந்திருக்கும் மற்ற இழையின் பாதி முடிந்த வேலையும் சேர்ந்து உறுதியாகிவிடும். 'ரோல்பேக்' சொன்னால் அதுவும் சேர்ந்தே அழியும். எண் 2 என்று இருக்கிறதே என்று நம்பிப் பணம், ரசீது, மருந்து சம்பந்தப்பட்ட எதிலும் இணைப்பைப் பகிராதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

இந்த அறிகுறியைச் சோதனை மேசையில் வரவழைக்க ஓர் எளிய வழி இருக்கிறது. இருபது இழைகளைத் தொடங்குங்கள். ஒவ்வொன்றும் தன் இழை எண்ணையே தரவுத்தளத்திடம் கேள்வியாக அனுப்பட்டும், ஏழாம் இழை '7 என்று திருப்பிச் சொல்' என்று கேட்க வேண்டும். அதே கேள்விக்குள் சில மில்லிவினாடிகள் தூங்கும் கட்டளையையும் சேருங்கள், தூங்கும் நேரம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கட்டும். மைஎஸ்கியூஎல்லில் 'ஸ்லீப்', போஸ்ட்கிரெஸில் 'பிஜி_ஸ்லீப்'. வந்த விடை 7 இல்லையென்றால் அந்தக் கணமே நிறுத்தி எல்லாவற்றையும் அச்சிடுங்கள். ஒரே ஒரு தவறான எண் வந்தாலும் பகிர்வு நடக்கிறது என்பது உறுதி. ஒரு மணி நேரம் ஓடியும் தவறு வரவில்லை என்றால் அது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. மேலே சொன்ன 20457 பிழையை இந்தச் சோதனை பிடிக்கவும் பிடிக்காது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு தனிக் கேள்வியும் சரியாகத்தான் நடந்தது. அதைப் பிடிக்க, நீங்கள் எழுதிய வேலையை முழுதாகவே இருபது இழைகளில் ஓட்டி, முடிவில் இரட்டை எண்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: வரிசை குலைந்தது என்று நிரலகமே சொல்கிறது

மைஎஸ்கியூஎல்லில் 2014ஆம் எண் பிழை, 'கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்'. பைமைஎஸ்கியூஎல்லில் பாக்கெட் வரிசை எண் தவறு என்ற செய்தி. போஸ்ட்கிரெஸில் 'ஏற்கெனவே வேறொரு கட்டளை நடந்துகொண்டிருக்கிறது' என்ற பொருளில் வரும் செய்தி, அல்லது சர்வரோடு ஒத்திசைவு போய்விட்டது என்ற செய்தி. இவற்றைக் கண்டால் நான் நிம்மதி அடைவேன், குறைந்தபட்சம் தவறான விடை வெளியே போகவில்லை.

2014 வந்தவுடன் இழைகளைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். முந்தைய கேள்வியின் விடையை முழுதாகப் படித்து முடிக்காமல் அடுத்ததை அனுப்பினால் ஒற்றை இழையிலும் அது வரும். சர்வரிலேயே சேமித்து வைத்த நிரலான ஸ்டோர்டு ப்ரொசீஜர் ஒன்றுக்கு மேற்பட்ட விடைத்தொகுப்புகளைத் தரும்போது முதலாவதை மட்டும் படித்துவிட்டு மறப்பது வழக்கமான காரணம். ஒற்றை இழைச் சோதனை இதைப் பிரித்துக் காட்டிவிடும்.

இழைகள்தான் காரணம் என்று தெரிந்தால், பூட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். கேள்வியை அனுப்பும் வரியில் பூட்டி, அனுப்பியதும் திறந்துவிடும் நிரலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அனுப்புவதற்கும் விடையை முழுதாக நம் நினைவகத்துக்குள் எடுத்துக்கொள்வதற்கும் இடையில் வேறு எந்த இழையும் அந்த இணைப்பைத் தொடக் கூடாது. விடையை வரிவரியாக இழுக்கும் முறையைப் பயன்படுத்தினால் கடைசி வரி வரும் வரை பூட்டு நீடிக்க வேண்டும்.

அறிகுறி: தொடங்கும்போது எப்போதாவது நிலைகுலைந்து விழுகிறது

பத்து முறை தொடங்கினால் ஒருமுறை விழும், மற்றபடி நாள் முழுதும் ஓடும். மைஎஸ்கியூஎல்லின் சி நிரலகம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது 'மைஎஸ்கியூஎல்_லைப்ரரி_இனிட்'. இதை நாம் அழைக்காவிட்டால் 'மைஎஸ்கியூஎல்_இனிட்' தானே அழைத்துக்கொள்ளும். ஒற்றை இழையில் அதனால் தொல்லை இல்லை. ஆனால் அந்தத் தொடக்க வேலை இழைப் பாதுகாப்பற்றது, இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் முதல் இணைப்பைத் திறந்தால் மோதும். இழைகளைப் படைப்பதற்கு முன்பே முதன்மை நிரலில் ஒருமுறை அழைத்துவிட்டால் தீர்ந்தது.

தீரவில்லை என்றால், எந்த நிரலகக் கோப்பு உண்மையில் ஏறியிருக்கிறது என்று 'எல்டிடி' கட்டளையால் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 5.5க்கு முன் பெயரின் முடிவில் ஓர் 'ஆர்' சேர்ந்த தனிக் கோப்புதான் இழைப் பாதுகாப்பானது, சாதாரணக் கோப்பு அல்ல. 5.5 முதல் இரண்டும் ஒன்றே. மிகப் பழைய சர்வர்களில் இன்னும் இந்த வேறுபாடு உயிரோடு இருக்கும். 'இழைகளுக்கான பித்ரெட் நிரலகம் பட்டியலில் இருந்தால் பாதுகாப்பானது' என்று சொல்லிக்கொடுத்த பழைய வழியை மட்டும் இப்போது நம்ப வேண்டாம். லினக்ஸின் அடிப்படை சி நிரலகமான ஜிலிப்சியில் 2.34 முதல் அது முதன்மை நிரலகத்துக்குள்ளேயே கலந்துவிட்டது, பட்டியலில் தனியாகத் தெரியாது.

விழுந்த கணத்தின் நினைவகப் பதிவு ('கோர் டம்ப்') கிடைத்தால், ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் எல்லா இழைகளின் அழைப்பு வரிசையையும் ஒருசேர எடுங்கள். விழுந்த இழையை மட்டும் பார்த்தால் பாதிக்கப்பட்டவரைத்தான் பார்ப்பீர்கள். இடித்தவர் பக்கத்து இழையில் நிற்பார்.

அறிகுறி: எஸ்கியூலைட் மறுக்கிறது

பைத்தானில், ஓர் இழையில் உருவான எஸ்கியூலைட் பொருளை அதே இழையில்தான் பயன்படுத்தலாம் என்ற செய்தி வந்தால், அது பிழையல்ல, காவல். 'செக்_சேம்_த்ரெட்' என்பதை அணைத்துவிடு என்று ஒருவர் சொல்ல, பலரும் அப்படியே செய்துவிடுகிறார்கள். அணைப்பதற்கு முன் நிரலகம் எப்படித் தொகுக்கப்பட்டது என்று பாருங்கள். எஸ்கியூலைட்3_த்ரெட்சேஃப் 0 தந்தால் பூட்டுகள் முழுதும் நீக்கப்பட்டிருக்கின்றன, ஒரே இழைக்கு மட்டுமே அது உதவும். 2 தந்தால் பல இழைகள் பயன்படுத்தலாம், ஆனால் ஓர் இணைப்பை ஒரே நேரத்தில் இரண்டு இழைகள் தொடக் கூடாது. 1 தந்தால் நிரலகமே வரிசைப்படுத்திக்கொள்ளும், இயல்பாக வருவது இதுதான். இங்கே 2ஐ விட 1 பாதுகாப்பானது என்பதைக் கவனியுங்கள், பைத்தானின் எண்வரிசையோடு குழப்பிக்கொண்டால் தலைகீழாகப் புரிந்துகொள்வீர்கள். பைத்தான் 3.11 முதல் அதன் எஸ்கியூலைட் நிரலகம் இதை மொழிபெயர்த்தே காட்டுகிறது: அங்கே 1 என்றால் இங்கே 3, அங்கே 2 என்றால் இங்கே 1. அதற்கு முந்தைய பதிப்புகள் எப்படித் தொகுத்திருந்தாலும் 1 என்றுதான் சொல்லும். இன்னொன்று, த்ரெட்சேஃப் தருவது தொகுத்தபோது இருந்த நிலை. ஓடத் தொடங்கும்போது யாராவது அமைப்பை மாற்றியிருந்தால் அது இந்த எண்ணில் தெரியாது.

'தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது' என்ற 5ஆம் எண் பிழை இந்தக் கணக்கில் சேராது. அது இரண்டு இணைப்புகள் ஒரே கோப்பில் எழுதப் போட்டியிடுவது, அதற்குக் காத்திருப்பு நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். 21ஆம் எண் பிழை வந்தால்தான் தவறான பயன்பாட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அறிகுறி: நினைவகம் மெல்ல ஏறுகிறது, மூடும்போது ஐந்து வினாடி தயங்குகிறது

மைஎஸ்கியூஎல் சி நிரலகத்தில், முடிந்துபோகும் ஒவ்வோர் இழையும் போகும் முன் 'மைஎஸ்கியூஎல்_த்ரெட்_எண்ட்' அழைக்க வேண்டும். அது தானாக நடக்காது. மூடும்போது சில இழைகள் வெளியேறவில்லை என்ற செய்தி வந்தால் காரணம் இதுவே.

அறிகுறி: போஸ்ட்கிரெஸில் எஸ்எஸ்எல் பிழை, இழைகளே இல்லாத மென்பொருளில்

எஸ்எஸ்எல் என்பது இணைப்பில் போகும் தரவை மறைகுறியாக்கும் முறை. மறைகுறியீட்டைப் பிரிக்க முடியவில்லை, பதிவு முத்திரை தவறு என்ற செய்திகள் வலைத்தள சர்வர்களில் வரும். முதன்மைச் செயல்முறை தரவுத்தள இணைப்பைத் திறந்துவிட்டு, அதன் பிறகு 'ஃபோர்க்' செய்து தன் நகல்களாகக் கிளைச் செயல்முறைகளை உண்டாக்கியிருக்கும். எல்லாக் கிளைகளும் ஒரே சாக்கெட்டை, அதாவது சர்வரோடு பேசும் ஒரே வாயிலை, பிடித்துக்கொண்டிருக்கின்றன. இழைப் பூட்டு எதுவும் இங்கே உதவாது, ஏனென்றால் பூட்டு ஒவ்வொரு செயல்முறையிலும் தனித்தனியாக இருக்கிறது. கிளை பிரிந்த பிறகே இணைப்பைத் திறக்க வேண்டும். நிரலை முன்கூட்டியே ஏற்றும் வசதியை சர்வரில் போட்டிருந்தால் முதலில் அங்கே பாருங்கள், இறக்குமதி வரிகளுக்குள் எங்கோ ஓர் இணைப்பு திறந்துகொண்டிருக்கும்.

கருவிகளை எப்போது எடுப்பது

மேலே சொன்ன எதிலும் பிடிபடாவிட்டால் இழைகளின் மோதலைக் கண்டுபிடிக்கும் த்ரெட்சானிடைசரோடு மீண்டும் தொகுத்து ஓட்டுங்கள். மென்பொருள் 5 முதல் 15 மடங்கு வரை மெதுவாகும், நினைவகமும் பல மடங்கு தின்னும், ஆகவே சோதனைக் கணினியில் மட்டும். உங்கள் நிரலை மட்டும் அப்படித் தொகுத்து, தரவுத்தள நிரலகத்தைப் பழையபடி விட்டால் நிரலகத்துக்குள் நடக்கும் மோதல் அதன் கண்ணில் படாமல் போகலாம். இயன்றால் இரண்டையும் தொகுங்கள். மறுதொகுப்புக்கு வழியில்லை என்றால் அதே வேலையைச் செய்யும் வால்கிரைண்டின் ஹெல்கிரைண்ட் இருக்கிறது, இன்னும் மெதுவாக ஓடும்.

எங்கள் மென்பொருள் இப்போது தொடங்கும்போது நிரலகத்தின் பதிப்பையும் அதன் இழைப் பாதுகாப்பு எண்ணையும் பதிவேட்டின் முதல் வரியில் எழுதுகிறது, 0 வந்தால் ஓட மறுக்கிறது. ஸ்டிக்கர் அச்சாகும் முன் அதே எண் அன்று ஏற்கெனவே அச்சானதா என்றும் பார்க்கிறது. இந்த இரண்டாவது சோதனையைக் கேட்டவர் அந்த அக்காதான். "எண் இரட்டித்தால் ஸ்டிக்கரே வரக் கூடாது தம்பி, வரிசை நின்றாலும் பரவாயில்லை" என்றார்.